பில்ட் ஸ்கிரிப்ட் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு பில்லிங், கொலுசுப் பட்டறைக்கு வெள்ளி எடைக் கணக்கு, ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு வரவு, ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு ஆள் கூலி என்று மென்பொருள் எழுதித் தருகிற எங்களை மாதிரி சின்னக் குழுக்களில் பில்ட் எடுக்கத் தனியாக ஆள் கிடையாது. எல்லாம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான். கிட்டிலிருந்து (சோர்ஸின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) சோர்ஸை இழுத்து, கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, டெப் பேக்கேஜாக (உபுண்டு, டெபியனில் நிறுவுகிற வடிவம்) கட்டி, பென்டிரைவிலோ சர்வரிலோ கொண்டுபோய் வைப்பது வரை அதன் வேலை. ஓடுகிற வரை யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, நின்றால் ஊரே ஃபோன் செய்யும். அந்த நேரத்தில் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். கமாண்டுகளை நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். லினக்ஸ், அதுவும் உபுண்டு அல்லது டெபியன், பாஷ் ஷெல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியம். ஸ்கிரிப்ட் முடிந்த கையோடு எக்கோ டாலர் கேள்விக்குறி அடித்து வெளியேறும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 0 என்றால் வெற்றி, 126 என்றால் ஃபைல் இருக்கிறது ஆனால் ஓட்ட அனுமதி இல்லை, 127 என்றால் அந்தப் பெயரில் கமாண்டே கிடைக்கவில்லை, 130 என்றால் யாரோ கன்ட்ரோல்-சி அடித்திருக்கிறார்கள், 137 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள் (128-உடன் 9-ஆம் சிக்னலைக் கூட்டினால் வருகிற எண் அது). அப்புறம் பாஷ் -எக்ஸ் போட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள், ஒவ்வொரு வரியும் மாறிகளுக்கு மதிப்பு போட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று காட்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

"பில்ட் வெற்றி" என்று வருகிறது, ஆனால் பேக்கேஜில் பழைய புரோகிராம்தான் இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். எர்ரர் காட்டி நிற்கிற ஸ்கிரிப்ட் நமக்கு நல்லதுதான் செய்கிறது, நம் மேஜையிலேயே விஷயம் முடிந்துவிடும். தோற்றுவிட்டு ஜெயித்தேன் என்று சொல்கிற ஸ்கிரிப்ட் தப்பை வாடிக்கையாளர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கும். சேகோ ஃபேக்டரியில் கிழங்குக்கு மாவுச்சத்து பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள். அந்தக் கணக்கைத் திருத்தி அனுப்பியிருப்பீர்கள், மறுநாள் காலையில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது ஃபோன் வரும்: "புதுசு போட்டாச்சுங்க, ஆனா பாயிண்ட் கணக்கு இன்னும் பழைய மாதிரியே வருதுங்க."

முதல் சந்தேகம் பைப் மேல், அதாவது ஒரு கமாண்டின் அவுட்புட்டை அடுத்த கமாண்டுக்கு அனுப்புகிற குழாய் மேல். கம்பைல் வேலையை நடத்துகிற மேக் ஓடுவதைத் திரையிலும் பார்க்க வேண்டும், லாக் ஃபைலிலும் வேண்டும் என்று மேக் கமாண்டை டீ கமாண்டுக்குப் பைப் செய்திருப்பீர்கள். பைப் வரிசையின் முடிவு எண் என்பது அதன் கடைசிக் கமாண்டின் எண். மேக் தோற்றாலும் டீ தன் வேலையை ஒழுங்காக முடித்துவிடும், ஆக மொத்தம் 0. மேலே செட் -இ (ஒரு கமாண்டு தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தச் சொல்வது) இருந்தாலும் இது நிற்காது. செட் -ஓ பைப்ஃபெயில் சேர்த்தால்தான் நடுவில் தோற்றது வெளியே வரும். செட் -இ, செட் -யூ (மதிப்பே கொடுக்காத மாறி வந்தால் நிறுத்துவது), பைப்ஃபெயில் மூன்றும் ஸ்கிரிப்டின் தலையில் இல்லாத பில்ட் ஸ்கிரிப்டை நான் நம்புவதில்லை.

மூன்றும் இருந்தும் நழுவுகிற இடங்கள் உண்டு. பில்ட் வேலையை ஒரு ஃபங்ஷனாக எழுதி, அதை இஃப் நிபந்தனைக்குள் கூப்பிட்டால் அந்த ஃபங்ஷனுக்குள் செட் -இ வேலையே செய்யாது. உள்ளே மூன்றாவது வரி தோற்றாலும் நான்காவது வரிக்குப் போய்விடும், கடைசி வரி ஜெயித்தால் முழுசும் ஜெயித்ததாகக் கணக்கு. இரட்டை ஆம்பர்சண்ட், இரட்டைக் குழாய்க்கோடு ஆகியவற்றுக்கு இடப்பக்கம் போட்டாலும் இதே கதைதான். இன்னொன்று, ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று மாறியை அறிவிக்கும் வரியிலேயே கமாண்டின் விடையையும் வாங்கினால், அந்தக் கமாண்டு தோற்றது மறைந்துவிடும், ஏனென்றால் லோக்கல் என்பதே ஒரு கமாண்டு, அது ஜெயித்துவிட்டது. அறிவிப்பு ஒரு வரி, மதிப்பு அடுத்த வரி என்று பிரித்து எழுதுங்கள். இந்த மாதிரி இடங்கள் பலவற்றை ஷெல்செக் என்ற இலவசக் கருவியே வரி எண்ணோடு சுட்டிக்காட்டும், எந்த ஸ்கிரிப்டாக இருந்தாலும் ஒருமுறை அதில் ஓட்டிப் பாருங்கள்.

எர்ரர் தொல்லை தாங்காமல் யாரோ வரிக் கடைசியில் இரட்டைக் குழாய்க்கோடு போட்டு ட்ரூ என்று சேர்த்திருக்கிறார்களா என்று கிரெப் செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு காவல் வேண்டும். பில்ட் ஆரம்பிக்கும்போதே அவுட்புட் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். பழைய பைனரி அங்கே இல்லையென்றால் அதை பேக்கேஜில் தப்பாகக் கட்டவும் முடியாது. காலி செய்யும்போது ஃபோல்டர் பெயர் மாறியில் இருந்தால், மாறி காலியாக இருக்கும் நேரத்தில், கேட்காமல் அழிக்கிற ஆர்எம் -ஆர்எஃப் வேறு எங்கோ பாய்ந்துவிடும். மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டால், காலியாக இருந்தால் ஷெல் அங்கேயே நின்றுவிடும். கடைசியில், கட்டி முடித்த டெப்பை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்து, உள்ளே இருக்கிற புரோகிராமை வெர்ஷன் கேட்டு ஓட்டி, அது சொல்கிற எண்ணும் கிட்டில் அந்தப் பதிப்புக்கு வைத்த டேக்கும் ஒன்றுதானா என்று ஸ்கிரிப்டே ஒப்பிடட்டும். ஒப்பிட்டுப் பொருந்தினால் மட்டும் "வெற்றி" என்று அச்சடியுங்கள்.

ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்கிறது

ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று சரியாகத்தான் எழுதியிருக்கும். ஆனால் விண்டோஸ் எடிட்டரில் திறந்து சேமித்ததால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் அதையும் சேர்த்துப் படித்து "பாஷ்+ரிட்டர்ன்" என்ற பெயரில் ஒரு புரோகிராமைத் தேடும், அது எப்படிக் கிடைக்கும். கேட் -ஏ (பெரிய ஏ) போட்டால் வரிக் கடைசியில் டாலருக்கு முன்னால் தொப்பிக் குறியும் எம்மும் தெரியும். டாஸ்-டு-யூனிக்ஸ் கமாண்டு ஒரே அடியில் சுத்தம் செய்துவிடும். திரும்ப வராமல் இருக்க, கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரி முடிவு எல்எஃப் என்று ஒரு வரி எழுதுங்கள். குழுவில் ஒருவர் விண்டோஸ் வைத்திருந்தாலே இது கட்டாயம்.

அனுமதி மறுப்பு, எண் 126

சிஎச்மாட் பிளஸ் எக்ஸ். அவ்வளவுதான், பெரும்பாலும். அதைப் போட்டும் மாறவில்லை என்றால் ஸ்கிரிப்ட் பென்டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் எக்ஸிக்யூட் அனுமதியைக் குறித்து வைக்க இடமே கிடையாது. ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்து ஓட்டுங்கள்.

அடைப்புக்குறி வந்த வரியில் சின்டாக்ஸ் எர்ரர்

உங்கள் மெஷினில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை, அர்ரே மாறி எழுதிய இடத்தில் நிற்கிறது, அல்லது இரட்டைச் சதுர அடைப்புக்குறியைப் பார்த்து அப்படி ஒரு கமாண்டு இல்லை என்கிறது. ஸ்கிரிப்டை எஸ்எச் என்று கூப்பிட்டிருப்பீர்கள். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே எஸ்எச் என்றால் டாஷ் ஷெல்தான், பாஷ் இல்லை. டாஷ் சின்னது, வேகமானது, ஆனால் பாஷுக்கே உரிய எழுத்துமுறை அதற்குத் தெரியாது. முதல் வரியில் பாஷ் என்று எழுதி, நேரடியாக ஸ்கிரிப்ட் பெயரைச் சொல்லி ஓட்டுங்கள்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரி கிரானில் வைத்தால் ஓடவில்லை

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டுகிற கிரான் உங்கள் டெர்மினல் இல்லை. அதற்கு உங்கள் பாஷ்-ஆர்சி (உங்கள் ஷெல்லின் சொந்த அமைப்பு ஃபைல்) தெரியாது, கமாண்டுகளை எங்கே தேடுவது என்று சொல்கிற பாத் மாறியில் யூஎஸ்ஆர்-பின், பின் என்று இரண்டே இடம்தான் இருக்கும், வேலை ஆரம்பிப்பது உங்கள் ஹோம் ஃபோல்டரில். வீட்டு ஃபோல்டருக்குள் நிறுவிய நோட், கோ, கார்கோ எதுவுமே அதன் கண்ணில் படாது. எண் 127 வந்தால் இதுதான். கிரான் நள்ளிரவில் ஓடும்வரை காத்திருந்து சோதிக்க வேண்டாம். என்வி -ஐ போட்டு, ஹோம், பாத் இரண்டை மட்டும் கையால் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினால் கிரானின் வறுமையான சூழல் பட்டப்பகலிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும். ஸ்கிரிப்டின் ஆரம்பத்தில் பாத்தை முழுசாக எழுதி, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு சிடி செய்துவிடுங்கள்.

கிரான் வேலைகளை எழுதி வைக்கிற கிரான்டேப் வரியிலேயே தேதி போட்டு லாக் ஃபைலுக்குப் பெயர் வைத்திருந்தால் இன்னொரு விஷயம். கிரான்டேபில் சதவீதக் குறி வந்தால் அந்த இடத்தில் வரி முடிந்ததாகக் கிரான் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைக் கமாண்டுக்கு இன்புட்டாகத் தள்ளிவிடும். தேதிக் கமாண்டு முழுக்க சதவீதக் குறிதானே. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நடுவில் "கில்டு" என்று ஒரு சொல், எண் 137

ரேம் தீர்ந்துவிட்டது, கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிட்டது. கெர்னலின் செய்திகளைக் காட்டுகிற டிமெசேஜ் பார்த்தால் அதிலேயே எழுதியிருக்கும். மேக் -ஜே என்று எண் கொடுக்காமல் விட்டால் எத்தனை வேலையை ஒரே நேரத்தில் ஆரம்பிப்பது என்பதற்கு வரம்பே கிடையாது. 4 ஜிபி மெஷினில் -ஜே2 போதும்.

கரண்ட் போய் வந்ததிலிருந்து பில்ட் விநோதமாக நடந்துகொள்கிறது

மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போவது புதிதில்லை, சேலத்திலும் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்காது, யூபிஎஸ் பேட்டரி எவ்வளவு தாங்கும். இதில் மூன்று தனித்தனி வியாதிகள் கலந்து வரும்.

ஒன்று, "ஃபைல் அறுந்திருக்கிறது" என்று லிங்கர் (ஆப்ஜெக்ட் ஃபைல் என்கிற கம்பைல் ஆன துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைப்பது) சொல்வது. கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்கில் சில ஆப்ஜெக்ட் ஃபைல்கள் பூஜ்ய பைட்டாக நிற்கும். மேக் பார்ப்பது ஃபைலின் நேரத்தை மட்டும்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது, சோர்ஸைவிட அது புதிதாக இருப்பதால் தொடாமல் போய்விடும். ஃபைண்டு கமாண்டில் அளவு 0 உள்ள ஆப்ஜெக்ட் ஃபைல்களைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வெளியே போகிற ரிலீஸ் என்றால் யோசிக்காமல் மேக் கிளீன்.

இரண்டு, கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்த பழைய மெஷின் கரண்ட் வந்ததும் ஏதோ ஒரு பழைய தேதியில் எழுந்திருக்கும், நெட் இருந்தால் சரிசெய்துகொள்ளும், நெட்டும் இல்லையென்றால் அப்படியே வேலை செய்யும். மேக் அப்போது "கடிகாரம் முன்பின் இருக்கிறது, பில்ட் முழுமையாக இல்லாமல் போகலாம்" என்று எச்சரிக்கும். அதை எச்சரிக்கைதானே என்று தாண்டிப் போகாதீர்கள். பழைய தேதியில் நீங்கள் திருத்திச் சேமித்த சோர்ஸ் ஃபைல், நேற்று கம்பைல் ஆன ஆப்ஜெக்டைவிடப் பழையதாகத் தெரியும், மேக் அதைக் கம்பைல் செய்யாது, எர்ரரும் வராது, மறுபடி அந்தப் பழைய புரோகிராம் கதைதான். நாங்கள் ஸ்கிரிப்டின் ஆரம்பத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறோம்: கடைசி கிட் கமிட்டின் நேரத்தை நொடியில் வாங்கி, மெஷினின் இப்போதைய நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். நாலு வரிதான். பேட்டரி மாற்றவும் அதிகச் செலவில்லை, சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

மூன்று, பாதி எழுதிய டெப். பேக்கேஜை நேராக ரிலீஸ் ஃபோல்டருக்குள் உருவாக்கினால், பாதியில் நின்றபோது சரியான பெயரில் ஒரு உடைந்த ஃபைல் அங்கே கிடக்கும், யாராவது அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதே டிஸ்கில் தற்காலிகப் பெயரில் கட்டி, சோதனை எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் எம்வி செய்யுங்கள். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றுவது ஒரே படியில் நடக்கிற வேலை, பாதி நிலை என்று ஒன்று கிடையாது.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர் மட்டும் பேக்கேஜில் வருவதில்லை

நம் ஊர் மென்பொருளில் இது வரும், ஆங்கிலத்தில் எழுதிய கையேடுகளில் அவ்வளவாகக் கிடைக்காது. "பொருள்" என்று ஒரு ஃபோல்டர், ஸ்கிரிப்டிலும் "பொருள்" என்றே எழுதியிருக்கிறது, எல்எஸ் போட்டால் இருக்கிறது, நகலெடுக்கச் சொன்னால் இல்லை என்கிறது. கண்ணால் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

காரணம் இதுதான். யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒன்று, கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக இன்னொன்று. ஓகாரம், ஔகாரக் குறிகளுக்கும் அப்படியே. திரையில் வித்தியாசமே தெரியாது, லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், அதனால் எண்ணிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: பிரின்ட்எஃப் வழியாகப் பெயரை, பைட்டை எண்ணித் தருகிற டபிள்யூசி -சிக்கு அனுப்புங்கள். "பொருள்" சேர்ந்த வடிவில் 18 பைட், பிரிந்த வடிவில் 21. ஃபோல்டர் பெயருக்கு 21 வந்து ஸ்கிரிப்டில் உள்ளதற்கு 18 வந்தால் விஷயம் முடிந்தது. சில பழைய கீபோர்டு மென்பொருள்களும், ஆப்பிளின் பழைய மேக் ஓஎஸ் வட்டுகளும் பிரிந்த வடிவில் எழுதும். கான்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி ஆப்ஷன் கொடுத்தால் ஃபோல்டர் முழுக்க உள்ள பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றித் தரும். முதலில் மாற்றாமல் பட்டியல் மட்டும் காட்டும், பார்த்துவிட்டு நோடெஸ்ட் கொடுத்து மாற்றுங்கள்.

கிட் ஃபைல் பட்டியலை வாங்கி லூப் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. தமிழ்ப் பெயர்களைக் கிட் அப்படியே தராது, மேற்கோள் குறிக்குள் 340, 256 என்று பின்சாய்வுக் கோடு போட்ட எண்களாக மாற்றித் தரும், அந்தப் பெயரில் ஃபைல் எங்கே இருக்கும். எல்எஸ்-ஃபைல்ஸ் கமாண்டுக்கு -இசட் கொடுத்து நல் எழுத்தில் பிரித்து வாசியுங்கள். பெயருக்குள் இடைவெளி இருந்தாலும் இதே வழியில் சரியாகிவிடும். மாறிகளை எங்கே பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டெப் கட்டும்போது டிபிகேஜி திட்டுகிறது

டிபிகேஜி என்பது டெப்பைக் கட்டவும் நிறுவவும் உள்ள கருவி. அது சொல்வதை அப்படியே நம்புங்கள், காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும். வெர்ஷன் இலக்கத்தில் தொடங்கவில்லை என்றால் டேகில் இருக்கும் வி எழுத்தை வெட்டாமல் கொடுத்திருக்கிறீர்கள். கடைசி வரி முடியவில்லை என்றால் கன்ட்ரோல் ஃபைலின் (பேக்கேஜின் பெயர், வெர்ஷன் எழுதிய ஃபைல்) கடைசியில் ஒரு என்டர் வேண்டும். அனுமதி 777 சரியில்லை என்றால் விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில் சி டிரைவின் மேல் வைத்துக் கட்டுகிறீர்கள், லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஃபைல்களின் உரிமையாளராக உங்கள் யூசர் பெயர் போனால் ரூட்-ஓனர்-குரூப் ஆப்ஷன், அதற்காக சூடோ போட்டு முழு பில்டையும் ஓட்டாதீர்கள், அடுத்த தடவை சாதாரண யூசராக ஓட்டும்போது ரூட் பெயரில் கிடக்கும் ஃபைல்களை அழிக்க முடியாமல் நிற்பீர்கள். சோதனைப் பதிப்புக்கு 1.0~ஆர்சி1 என்று டில்டே குறி போட்டால்தான் அது 1.0-க்கு முந்தையது என்று டிபிகேஜி எடுத்துக்கொள்ளும்.

வாடிக்கையாளர் மெஷினில் "ஜிலிப்சி 2.34 இல்லை"

நீங்கள் புது உபுண்டுவில் கம்பைல் செய்தீர்கள், அவர் பழையதில் ஓட்டுகிறார். ஜிலிப்சி என்பது லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கிற அடிப்படை சி லைப்ரரி: உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35. அதுவும் 2.34-இல் புரோகிராமைத் தொடங்கி வைக்கிற ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு எண் வந்துவிட்டதால், புது மெஷினில் கம்பைல் செய்த ஒரு சின்ன சி புரோகிராம்கூடப் பழையதில் எழுந்திருக்காது. பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், எதிர்த்திசையில் ஓடாது. பட்டறைக்காரரிடம் ஓஎஸ் மாற்றச் சொல்வது நியாயமில்லை, தராசு, பிரிண்டர் எல்லாம் அதில் பழகிப் போயிருக்கும். உங்கள் வாடிக்கையாளர்களிலேயே பழைய பதிப்பு யாரிடம் இருக்கிறதோ அந்தப் பதிப்பை டாக்கரில் (ஒரே மெஷினுக்குள் வேறு பதிப்புச் சூழலைத் தனியாக ஓட்ட உதவும் கருவி) எடுத்து அதற்குள் பில்ட் எடுங்கள்.

எஸ்டேட்டில் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது, ஆபீஸில் அதே ஃபைல் சரியாக ஓடுகிறது

அதே ஃபைல் இல்லை அது. ஏற்காடு ஏறுகிற வழியில் சிக்னல் எப்படி வந்து வந்து போகும் என்று தெரியும், எஸ்டேட் ஆபீஸிலும் அப்படித்தான், டவுன்லோடு முக்காலில் அறுந்து முழுசு மாதிரியே பெயரோடு உட்கார்ந்திருக்கும். பேக்கேஜ் கட்டும் ஸ்கிரிப்டே எஸ்எச்ஏ256சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) எடுத்துப் பக்கத்தில் ஒரு ஃபைலாக வைக்கட்டும், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் முதல் வேலையாக அதைச் சரிபார்க்கட்டும், பொருந்தவில்லை என்றால் எதையும் தொடாமல் "ஃபைல் முழுசாக வரவில்லை, மறுபடி இறக்குங்கள்" என்று தமிழில் சொல்லி நிற்கட்டும், ஏனென்றால் அங்கே அதைப் படிக்கப்போகிறவர் எஸ்டேட் ரைட்டர், நாம் இல்லை. இறக்குவதற்கு, ஃபைல் நகலெடுக்கிற ஆர்சிங்கில் பார்ஷியல் ஆப்ஷன் போட்டுக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முந்தைய பதிப்பின் டெப்பையும் அந்த மெஷினிலேயே வைத்திருங்கள், சம்பள நாளன்று புதியது தகராறு செய்தால் நெட் இல்லாமலே பழையதைத் திரும்பப் போட்டுக் கூலியைக் கொடுத்துவிடலாம்.